கோல்ஃப் மட்டையின் நீளம்: தூரத்துக்கு ஒரு கம்பு, கைக்கு ஒரு கம்பு

மக்களே, இன்னைக்கு சுகர், பிபி, காய்ச்சல் எதுவும் இல்லை. கோல்ஃப் பத்தி ஒரு நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் வாழ்க்கைல கோல்ஃப் மட்டையைத் தொட்டது கிடையாது. அரசு மருத்துவமனை டூட்டி டாக்டருக்கும் அந்த விளையாட்டுக்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும். என்னை அதுக்குள்ள இழுத்துட்டுப் போனது ஒரு நோயாளி.

ஐம்பதைத் தாண்டினவர். முப்பது வருஷமா கையால எழுதிப் பிழைச்சவர். ஓபியில வந்து உக்காந்து, "சார், பேனாவைப் பிடிச்சா கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். ரெண்டாவது வார்த்தைக்குள்ள விரல்கள் பேனாவை நெரிக்குது, மணிக்கட்டு உள்பக்கம் முறுக்கிக்குது. அதே கையால சட்டைப் பட்டன் போடுறார், சோறு பிசையுறார், வண்டி ஓட்டுறார். எழுதும்போது மட்டும்தான் இந்தத் தகராறு. ஊர்ல எல்லாரும் "நரம்புத் தளர்ச்சி", "டென்ஷன்", "மனசுல ஏதோ பயம்"னு சொல்லி அனுப்பியிருக்காங்க.

அது ரைட்டர்ஸ் க்ராம்ப். அவரை நியூரோவுக்கு அனுப்பிட்டு, அன்னைக்கு நைட் டூட்டில கொஞ்சம் ஓய்வு கிடைச்சப்ப அதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சுக்கிட்டே போனா, எழுத்தர்கள், வயலின் கலைஞர்கள், பியானோ கலைஞர்கள்... அடுத்து கோல்ஃப் ஆட்டக்காரர்கள்! அங்க ஆரம்பிச்சது, கடைசில மட்டையோட நீளத்துல போய் நின்னேன்.

அந்தக் கதைக்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை.

வீட்ல ஒட்டடைக் கம்பு இருக்கும். அதை நடுவுல பிடிச்சு சுவத்துல ஒரு புள்ளியைத் தொடுங்க, சுலபம். கடைக்கோடியில பிடிச்சு அதே புள்ளியைத் தொட்டுப் பாருங்க. நுனி அங்கயும் இங்கயும் ஆடும். ஆனா அதே கம்பை வீசினா, நுனி போற வேகம் எப்படி இருக்கும்? கோல்ஃப் மட்டையோட மொத்தக் கதையும் இதுதான்.

கோல்ஃப்ல ஒருத்தர் 14 மட்டை வரைக்கும் பையில வச்சுக்கலாம். அதுல நீளமானது 'டிரைவர்'. முதல் அடியைத் தொலைவுக்கு அடிக்கிறதுக்கு. இன்னைக்குக் கடையில வாங்கினா சுமார் 45 இன்ச் இருக்கும். அடுத்து வர்ற இரும்பு மட்டைகள் பொதுவா அரை இன்ச் அரை இன்ச்சா குறைஞ்சுக்கிட்டே வந்து 35, 36 இன்ச்ல நிக்கும். குழிக்குப் பக்கத்துல போகப் போக தூரம் வேண்டாம், குறி வேணும். அதனால கம்பு குட்டையாகுது.

கடைசியா பந்தைக் குழிக்குள்ள மெதுவா உருட்டி விடுறதுக்கு ஒரு மட்டை. அதுக்குப் பேர் 'பட்டர்'. கோயில் பட்டரும் இல்லை, ரொட்டியில தடவுற பட்டரும் இல்லை. வழக்கமா 33-லிருந்து 35 இன்ச். இந்தக் குட்டை மட்டை பின்னாடி முக்கியமா வரும், ஞாபகம் வச்சுக்கங்க.

கணக்கு எளிது. நுனியோட வேகம் = சுழற்சி வேகம் × ஆரம். கையும் மட்டையும் சேர்ந்த ஆரம் தோராயமா அஞ்சரை அடின்னு வச்சுக்கிட்டா, ஒரு இன்ச் கூட்டினா வேகம் ஒன்றரை சதவீதம் மாதிரி கூடணும். ஆனா அது, நீங்க அதே சுழற்சி வேகத்துல வீச முடிஞ்சாதான். நீளம் கூடக்கூட, கம்பு சுழலக் காட்டுற எதிர்ப்பு நீளத்தோட வர்க்கத்துக்கு ஏத்தாப்ல கூடும். அதனால காகிதத்துல வர்ற லாபம் முழுசா கைக்கு வராது. பந்து மட்டையோட நடுவுல படாம ஓரத்துல பட்டா, வந்த கொஞ்ச லாபமும் போச்சு.

குறி? 250 கஜம் போற அடியில திசை 1 டிகிரி பிசகினா, பந்து விழுற இடம் 4 கஜத்துக்கு மேல, அதாவது சுமார் 13 அடி தள்ளிப் போகும். 3 டிகிரி பிசகினா பந்தை மரத்துக்குப் பின்னாடி தேட வேண்டியதுதான்.

இப்ப வரலாறு.

நூறு வருஷத்துக்கு முன்னாடி தண்டு எல்லாம் ஹிக்கரி மரம். உறுதியான மரம்தான், ஆனா வீசும்போது முறுக்கிக்கும். வேகமா வீசினா மட்டையோட முகம் திரும்பிடும். அமெரிக்காவின் கோல்ஃப் சங்கம் 1924-ல் எஃகுத் தண்டை அனுமதித்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ, 1929 வரை இழுத்தடித்தது. பாபி ஜோன்ஸ் 1930-ல் ஒரே வருஷத்தில் நாலு பெரிய பட்டங்களையும் வென்றது ஹிக்கரி மட்டையால். மறுவருஷமே, 1931-ல், பில்லி பர்க் எஃகுத் தண்டுடன் யு.எஸ். ஓப்பனை வென்றார். அதோட மரத்தோட காலம் முடிஞ்சுது.

எஃகு முறுக்கிக்காது, ஆனா கனம். டிரைவரோட தண்டு மட்டும் 120 கிராம் அளவுக்கு வரும். அந்தக் கனத்தோட நீளத்தையும் கூட்டினா வீசவே முடியாது. அதனால 1980-கள் வரைக்கும் டிரைவர் 43 இன்ச் பக்கத்திலேயே நின்னுச்சு. அப்ப வந்தவங்க அந்த நீளத்தில்தான் அடிச்சாங்க, நேராவும் அடிச்சாங்க.

மாத்தினது கார்பன். 1969-ல் ஃபிராங்க் தாமஸ் என்ற பொறியாளர் கிராஃபைட் தண்டை உருவாக்கினார். ஆரம்பத்துல அதுவும் மரம் மாதிரி முறுக்கிக்கிட்டுதான் இருந்துச்சு. தேற இருபது வருஷம் ஆச்சு. தேறினப்புறம் 60 கிராம், 50 கிராம்னு தண்டு இளைச்சுப் போச்சு. 1990-களில் தலைப்பகுதி டைட்டானியம் ஆனது. தலை பெருசு, தண்டு லேசு. பெரிய தலைன்னா ஓரத்துல பட்டாலும் ஓரளவு மன்னிக்கும். அப்புறம் என்ன, கம்பெனிகள் தண்டை நீட்ட ஆரம்பிச்சாங்க. 44, 45, 45.5... கடையில வந்து பரிசோதிக்கிறவன் பத்து அடி அடிச்சா அதுல ஒண்ணு பிரமாதமா பறக்கும். அந்த ஒண்ணைப் பாத்துதான் காசு எடுப்பான். மத்த ஒன்பதும் எங்க போச்சுன்னு வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரியும்.

வேடிக்கை என்னன்னா, உலகத்தையே மிரட்டின டைகர் வுட்ஸ், தன்னோட உச்சகட்டத்துல, 2000-ஆம் வருஷம் வாக்கில், வச்சிருந்தது 43.5 இன்ச் எஃகுத் தண்டு டிரைவர். அவரைப் பாத்து மட்டை வாங்கினவங்க கையில அவரை விட நீளமான கம்பு!

இதுல அமெரிக்கச் சங்கமும் ஆர் அண்ட் ஏவும் 2004-ல் ஒரு எல்லை போட்டாங்க. மட்டை 48 இன்ச்சைத் தாண்டக் கூடாது. பட்டருக்கு மட்டும் விலக்கு. இந்த விலக்கை ஓரமா குறிச்சு வச்சுக்கங்க.

பதினேழு வருஷம் யாரும் அந்த எல்லையைப் பெருசா கண்டுக்கலை. தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலானவங்க 45-ஐ ஒட்டியே நின்னாங்க. ஏன்னா அவங்களுக்குக் குறி தவறினா சோறு போச்சு.

2021 மே மாதம். அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் கியாவா தீவு. கடலோரம், காத்து பிச்சு எடுக்கும் மைதானம். பிஜிஏ சாம்பியன்ஷிப். ஃபில் மிக்கெல்சனுக்கு வயசு 50 முடிஞ்சு 51 ஆகப் போகுது. 2010-லயே சோரியாடிக் ஆர்த்ரைட்டிஸ் இருக்குன்னு வெளிப்படையாச் சொன்னவர். அந்த நோயாளிகளை நான் பாத்திருக்கேன். காலைல எழுந்து படுக்கையை விட்டு இறங்குறதே பெரும்பாடு. அவர் கையில 47.9 இன்ச் டிரைவர்! எல்லைக்கு ஒரு நூல் உள்ள. கடைசி நாள் 16-ஆவது குழியில் 366 கஜம் அடிச்சார். தன்னை விட இருபது வயசு இளையவனை எல்லாம் தாண்டிப் போச்சு பந்து. வென்றார். மேஜர் பட்டம் வென்றவர்களிலேயே மிக மூத்தவர் அவர்தான். அதுக்கு முந்தைய சாதனை 1968-ல் 48 வயதில் வென்ற ஜூலியஸ் போரோஸுடையது.

அதே வருஷம் அக்டோபரில் அறிவிப்பு: தொழில்முறைப் போட்டி நடத்துறவங்க விரும்பினா 46 இன்ச்னு எல்லை வச்சுக்கலாம். 2022 ஜனவரியிலிருந்து அமல். பிஜிஏ டூர் எடுத்துக்கிட்டாங்க. மிக்கெல்சன் ஏற்கெனவே கடுப்புல இருந்தார். குட்டை மட்டையில வேகம் வேணும்னா உடம்பை வெடுக்குன்னு வெட்டி வீசணும், அதுதான் காயத்தை உண்டாக்கும்னு வாதாடினார். அதுல ஓரளவு நியாயம் இருக்குன்னே எனக்குத் தோணுது. ஆனாலும் இந்த விதி மேல எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த ரெண்டு இன்ச் போனதால யாரோட ஆட்டமும் முடிஞ்சு போகலை.

என்னோட வருத்தம் இன்னொரு விதி மேல. அதுக்கு இதே கியாவா தீவுக்கு, முப்பது வருஷம் பின்னாடி போகணும்.

1991 செப்டம்பர். ரைடர் கோப்பை. அமெரிக்காவும் ஐரோப்பாவும். மூணு நாள் ஆட்டம் கடைசி ஆளோட கடைசி அடியில வந்து நிக்குது. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர். எதிராளி ஹேல் ஐர்வின். ஆறடி தூரத்தில் குழி. பந்து உள்ள போனா 14-14, கோப்பை ஐரோப்பாகிட்டயே இருக்கும்.

ஆறடின்னா நீங்களும் நானும் போட்டுடலாம்னு தோணும். குழியோட அகலம் 4.25 இன்ச். ஆறடியிலிருந்து நடுவை விட்டு சுமார் 1.7 டிகிரிக்குள்ள பந்தை அனுப்பியாகணும்.

போகலை. லாங்கர் வானத்தைப் பாத்து வாயைத் திறந்து கத்துற அந்தப் படத்தை நீங்க கோல்ஃப் பாக்காதவங்களா இருந்தாலும் எங்கயாவது பாத்திருப்பீங்க.

அந்த ஒரு அடி தவறினதுக்கு, வழியில ஷூ ஆணித் தடங்கள் இருந்துச்சு, அதைத் தவிர்த்து அடிக்கப் பாத்தேன்னு அவர் விளக்கம் சொன்னார். அதை நான் மறுக்கலை. ஆனா பாத்தவங்க மனசுல வேற ஒண்ணு ஓடினதுக்குக் காரணம் இருந்துச்சு. லாங்கருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயசுலயே 'யிப்ஸ்' வந்தது. ஒரு தடவை இல்லை, போய்ப் போய்த் திரும்பி வந்தது.

யிப்ஸ்னா என்ன? நூறு கஜம் தாண்டி அடிக்கிற கை, மூணடி தூரத்துல பந்தை மெல்ல உருட்டப் போறப்ப, அடிக்கிற அந்தக் கணத்துல மணிக்கட்டு வெடுக்குன்னு இழுத்துக்கும். ஆட்டக்காரருக்கே தெரியாம. பேர் வச்சது டாமி ஆர்மர் என்று சொல்வார்கள். 1931-ல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவர், அவருக்கே வந்தது. ஆறு முறை அதே ஓப்பனை வென்ற ஹாரி வார்டனுக்கு, 1903-ல் காசநோயால் படுத்து எழுந்த பிறகு, குறுகிய தூரத்தில் வலது கை துள்ள ஆரம்பிச்சுது. சாம் ஸ்னீடுக்கு வந்தப்ப அவர் மட்டையை ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சு, குரோக்கே ஆட்டம் மாதிரி தள்ள ஆரம்பிச்சார். 1968-ல் அதைத் தடை பண்ணிட்டாங்க. உடனே அவர் பக்கவாட்டுல நின்னு தள்ள ஆரம்பிச்சார்!

என் நோயாளி ஞாபகம் வருதா? சோறு பிசையுற கை, பேனாவைப் பிடிச்சா மட்டும் முறுக்குது.

எழுத்தர்களோட கைத் தொல்லையை இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1713-லேயே எழுதி வச்சிருக்கார். அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு இதை 'தொழில் நியூரோசிஸ்'னு, மனசு சம்பந்தப்பட்டதாவே வச்சிருந்தாங்க. 1982-ல்தான் ஷீஹி, மார்ஸ்டன் ரெண்டு பேரும், இது ஃபோகல் டிஸ்டோனியா, மூளை தசைக்கு அனுப்புற கட்டளையில வர்ற கோளாறுன்னு எழுதினாங்க. ஒரு வேலையை ஆயிரம் ஆயிரம் தடவை ஒரே மாதிரி செஞ்ச கைக்கு, அந்த வேலையில மட்டும் வரும். நீட்டுற தசையும் மடக்குற தசையும் ஒரே நேரத்துல இறுகும். யிப்ஸை ஆராய்ந்த மேயோ கிளினிக் குழு 2003-ல், ஒரு முனையில டிஸ்டோனியா, இன்னொரு முனையில வெறும் பதற்றம், நடுவுல ரெண்டும் கலந்தவங்கன்னு பிரிச்சாங்க. ஆக, "பயந்தாங்கொள்ளி, பிரஷர் தாங்கலை"ன்னு ஒரே வார்த்தையில ஒதுக்கிட முடியாது.

இந்த நோய்ல ஒரு விசித்திரம். கருவியை மாத்தினா மூளை கொஞ்சம் ஏமாறும். மெலிசான பேனாவுக்குப் பதில் தடியான பேனா கொடுத்தா சிலருக்குக் கை இளகும். லாங்கர் செஞ்சது எல்லாம் இதுதான். முதல்ல இடது கையைக் கீழ மாத்திப் பிடிச்சார். மறுபடி வந்தது. பட்டரோட தண்டை இடது முன்கையோட சேத்து வச்சு, வலது கையால ரெண்டையும் சேத்துக் கவ்விப் பிடிச்சார். மணிக்கட்டுக்குச் சிம்பு கட்டின மாதிரி! அப்படிப் பிடிச்சு 1993-ல் மாஸ்டர்ஸ் வென்றார். மறுபடி வந்தது. 1990-களின் பிற்பகுதியில் நீண்ட பட்டருக்கு மாறினார்.

நீண்ட பட்டர்னா சாதாரண பட்டரை விட ஒரு அடிக்கு மேல நீளம், 50 இன்ச் பக்கம் வரும். மேல் முனையை ஒரு கையால நெஞ்சுல ஊன்றிக்கணும். இன்னொரு கை கீழ தண்டைத் தொட்டு ஊசல் மாதிரி ஆட்டி விடும்.

இங்கதான் ஒட்டடைக் கம்புக் கணக்கு தலைகீழாகுது. டிரைவர்ல நீளம் கூடினா கட்டுப்பாடு போகும். பட்டர்ல நீளத்தைக் கூட்டினா கட்டுப்பாடு வருது. எப்படி? டிரைவரோட மேல் முனை காத்துல அலையுது. இதுல மேல் முனை உடம்புல நிலையா நிக்குது. நீளமான ஊசல் மெதுவா, ஒரே சீரா ஆடும். மணிக்கட்டுக்கு வேலையே இல்லை, தோள்தான் ஆட்டும். துள்ளுற தசையை ஆட்டத்திலிருந்தே கழட்டி விட்டாச்சு.

பச்சைக் குழந்தைக்கு வென்ஃப்ளான் போடுறவங்களுக்கு இது நல்லா புரியும். சுண்டு விரலையும் கை ஓரத்தையும் குழந்தையோட கால் மேல ஊன்றிக்கிட்டுதான் ஊசியை நகர்த்துவோம். அந்தரத்துல கையை வச்சுக்கிட்டுப் போடச் சொன்னா, இருபது வருஷ அனுபவம் உள்ள சிஸ்டருக்கும் நுனி ஆடும். ஊன்றிப் போடுறவங்களை யாரும் ஏமாத்துறவங்கன்னு சொல்றதில்லை.

நீண்ட பட்டரை ரொம்ப நாளா யாரும் தொந்தரவு பண்ணலை. ஆர்வில் மூடி 1989-ல் யு.எஸ். சீனியர் ஓப்பனை அதை வச்சுதான் வென்றார். வயசானவங்க, கை துள்ளுறவங்க, முதுகு வலி உள்ளவங்க வச்சிருக்கிற ஊன்றுகோல்னு சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. பிரச்சினை எப்ப வந்துச்சுன்னா, இளசுங்க அதை எடுத்தப்ப. 2011-ல் கீகன் பிராட்லி வயித்துல ஊன்றின பட்டரோட பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்றார். அடுத்து வெப் சிம்ப்சன், எர்னி எல்ஸ், 2013-ல் ஆடம் ஸ்காட். இருபது மாசத்துல நாலு மேஜர்.

2012 நவம்பரில் தடை முன்மொழியப்பட்டது. 2013 மே மாதம் உறுதியானது. 2016 ஜனவரி 1 முதல் அமல். மட்டையோட நீளத்துக்குத் தடை இல்லை. எவ்வளவு நீளம் வேணும்னாலும் வச்சுக்கோ, உடம்புல ஊன்றக் கூடாது. கோல்ஃப் அடின்னா மட்டை முழுசும் சுதந்திரமா வீசப்படணும், அதுதான் ஆட்டத்தோட இலக்கணம்னு விளக்கம் சொன்னாங்க.

எதிர்த்தவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் டிம் கிளார்க். பிறவியிலேயே முன்கையைச் சுழற்றி உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியாதவர். சாதாரண பட்டரைப் பிடிக்கிறதே அவருக்குத் தொல்லை. ஆட்டக்காரர்கள் கூட்டத்துல எழுந்து நின்னு தன் கையோட கதையைச் சொன்னார். விதி மாறலை.

நான் இதுல எந்தப் பக்கம்னு கேட்டா, அரைமனசு. முப்பது வயசு திடகாத்திரமானவன் லாபத்துக்காக ஊன்றினா, அதைத் தடுக்க நினைக்கிறது எனக்குப் புரியுது. ஆனா டிரைவர் விஷயத்துல இவங்களே எவ்வளவு பக்குவமா நடந்தாங்க பாருங்க: 46 இன்ச் எல்லை போட்டி நடத்துறவங்க விருப்பம், பெரிய போட்டிகளுக்கு மட்டும், ஞாயித்துக்கிழமை ஆடுற சாதாரண ஆளுக்கு 48 அப்படியே இருக்கு. கை துள்ளுறவனுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைக்கலை. உள்ளூர் கிளப்ல தன் சந்தோஷத்துக்கு ஆடுற எழுபது வயசு யிப்ஸ்காரருக்கும் அதே விதிதான். தூரத்துக்காக நீட்டினவனுக்கு எல்லை ரெண்டு இன்ச் நகர்ந்துச்சு. கைக்காக நீட்டினவன்கிட்ட பிடிமானத்தையே எடுத்துட்டாங்க.

லாங்கர் முடிஞ்சார்னுதான் நினைச்சாங்க. 2016-ல் அவருக்கு வயசு 58. அவர் மட்டையை மாத்தலை. அதே நீண்ட பட்டர், மேல் கை நெஞ்சை விட்டுக் கொஞ்சம் விலகி. உண்மையிலேயே விலகி இருக்கான்னு டிவியில ஜூம் பண்ணிப் பாத்து சண்டை போட்டாங்க. விதிமீறல் எதுவும் இல்லைன்னு விதியை வச்சிருக்கிறவங்களே 2017-ல் சொல்லிட்டாங்க.

2023 ஜூலையில் யு.எஸ். சீனியர் ஓப்பனை வென்றார், 65 வயதில். மூத்தோர் டூரில் அது 46-ஆவது வெற்றி. அது வரைக்கும் 45 வெற்றியோட சாதனையை வச்சிருந்தவர் யார் தெரியுமா? ஹேல் ஐர்வின். 1991-ல் கியாவாவில் அந்த ஆறடியை எதிர்ப்பக்கம் நின்னு பாத்தவர்.

2024 பிப்ரவரியில் லாங்கரோட குதிகால் தசைநார் அறுந்துச்சு. அந்த வயசுல அக்கிலிஸ் அறுந்தா, வாக்கிங் போக விடுவோமான்னே நாங்க யோசிப்போம். அதே வருஷம் நவம்பரில், 67 வயதில், 47-ஆவதையும் வென்றார். அப்பவும் கையில அதே நீளக் கம்பு.

என் நோயாளி இப்ப நியூரோ ஓபியில போட்டாக்ஸ் ஊசிக்குப் போயிட்டு வர்றார். நடுவுல அவரே ஒரு வேலை பண்ணியிருக்கார். பேனாவைச் சுத்தி சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கார். போன தடவை வந்தப்ப ஓபி சீட்டுல அவர் பேரை அவரே எழுதினார். எழுத்து கோணல்தான். நான் படிச்சுட்டேன்.

உங்க வீட்ல யாருக்காவது, மத்த வேலை எல்லாம் ஒழுங்கா செய்யுற கை, எழுதும்போதோ தையல் போடும்போதோ வீணை வாசிக்கும்போதோ மட்டும் முறுக்கினா, "மனசைத் தைரியமா வச்சுக்கோ"ன்னு சொல்லி அனுப்பாதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி நியூரோ ஓபிக்குக் கூட்டிட்டுப் போங்க.

காலைல ஏழரைக்கு டூட்டி. மத்ததை கமெண்ட்ல பேசுவோம்.